பீங்கானும் அரசியல் பேசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்கலை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அக்கலையை வீட்டு அலங்காரம் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது வருத்தமளிக்கிறது. 1787இல் இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் தமது தொழிற்கூடத்தில் உருவாக்கிய சிறு பதக்கத்தையேனும் அதில் குறிப்பிட்டிருக்கலாம். வெண்ணிறப் பரப்பில் விலங்கிட்ட கைகளைக் கூப்பி மண்டியிட்டிருக்கும் கறுப்பின மனிதர். அவருக்கு மேலே, விளிம்பையொட்டி, ‘நான் ஒரு மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா?’ என்ற கேள்வி. இதைப் பெண்கள் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தனர்; நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாத அவர்கள், அடிமை வணிகத்தை எதிர்ப்பதை ஊரறியச் சொல்ல அப்பதக்கம் வழி தந்தது. 1807இல் பிரிட்டன் அவ்வணிகத்தைத் தடை செய்தது. அடிமைப்பட்டோரை இறைஞ்சுபவர்களாக மட்டுமே காட்டி, அவர்கள் எழுந்து நின்று போராடியதை மறைத்தது அப்பதக்கத்தின் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

நம் காலத்திலும், மாவோவைச் சூரியனாகவும் மக்களைச் சூரியகாந்திகளாகவும் சித்திரித்த பிரசாரத்தை நினைவூட்டும்படி, சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட அரங்கில் கோடிக்கணக்கான பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவை அவை. இத்தகைய படைப்புகள் குறித்துத் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், காரைக்குடி