அலையாத்திக் காட்டில் உழைக்கும் மாணவர்களின் சேவை நேரக் கணக்கைச் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அலையாத்திக் காட்டுப் பணிக்குச் செல்லும் கல்லூரி மாணவர்களின் பெற்றோர்,
தாராவி, மும்பை – 400017.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வி மற்றும் தொழில்நுட்பக் கல்வித் துறை,
மகாராஷ்டிர அரசு,
மந்திராலயம், மும்பை – 400032.

பொருள்: இயற்கைப் பாதுகாப்புப் பணி செய்யும் மாணவர்களுக்குச் சேவை நேரமும் கிரெடிட்டும் (பட்டப்படிப்புக்குச் சேரும் மதிப்புப் புள்ளி) வழங்க, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான விதிமுறை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாராவி, சயன், மாட்டுங்கா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மாஹிம் கழிமுகத்திலும் தானே கழிமுகத்தின் ஐரோலிப் பக்கத்திலும் உள்ள அலையாத்திக் காடுகளில் தன்னார்வப் பணி செய்கிறார்கள். அவர்களோடு கூடவே போய் வரும் பெற்றோரில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் சேற்றில் செய்யும் வேலைக்கும், கல்லூரிப் பதிவேட்டில் ஏறும் மணிக்கணக்குக்கும் பொருத்தமே இல்லை. அதைச் சரிசெய்யும்படி கேட்கவே எல்லாப் பெற்றோர் சார்பாகவும் இதை எழுதுகிறேன். மனுவின் மராத்திப் படியும் இத்துடன் உள்ளது.

அடிப்படை விதியில் குழப்பம் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும்; ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் இருக்க வேண்டும். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கிரெடிட் முறையில் 30 மணி நேரக் களப்பணி ஒரு கிரெடிட். இவ்வளவு வரை சரி. ஆனால் எந்த வேலை கணக்கில் சேரும், யாருடைய கையெழுத்து செல்லும், இரண்டு மணி நேரம் மட்டும் நடந்த வேலையை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தன் போக்கில் முடிவு செய்கிறது. ஒரே இடத்தில், ஒரே வேலையைச் சேர்ந்து செய்த இரண்டு தோழிகளில் ஒருத்திக்கு மூன்று மணி நேரம் ஏறியது. வேறு கல்லூரியில் படிக்கும் மற்றவளுக்கு ஒன்றுமே ஏறவில்லை.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் சிலவற்றில் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் 12 மணி வரை முழுதாக இருந்தால்தான் வருகைப் பதிவு. கடல் அந்த நேரத்துக்கு ஒத்துவராது. தண்ணீர் வடிந்திருக்கும்போதுதான் காட்டுக்குள் இறங்க முடியும். வடியும் நேரமோ நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிவிடும். இந்த ஞாயிறு காலை 9 மணிக்குத் தண்ணீர் வடிந்திருந்தால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏறி நிற்கும். அன்று பிள்ளைகள் கரையில் பதாகை பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கு நான்கு மணி நேரம் எழுதப்படுகிறது. வாரநாளில் தண்ணீர் வடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கி, வேர்களில் சிக்கிக் கிடந்த பாலிதீனை இழுத்து இழுத்துக் கரைசேர்த்த பிள்ளைக்கு எதுவும் எழுதப்படுவதில்லை.

அந்தப் பாலிதீனை எடுப்பது சும்மா அழகுபடுத்தும் வேலை அல்ல. மும்பைக் கரையில் அதிகமாக இருப்பது வெண்கண்டல் மரம். அதன் மூச்சு வேர்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு விரல் விரலாக மேலே நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் அந்த வேர்கள் வழியாகத்தான் மரத்தின் அடிப்பாகத்துக்குக் காற்று போகிறது. அவற்றின்மேல் பிளாஸ்டிக் படிந்து மூடினால் மரம் நலிந்து போகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மிட்டி ஆறு கரைபுரண்டதை அந்த ஆற்றோரம் வாழும் நாங்கள் மறக்கவில்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் இந்தக் காடு உயிரோடு இருப்பது எங்கள் வீடுகளுக்கான பாதுகாப்பும்கூட. அலையாத்திக் காடுகளுக்கென்றே 2012இல் தனிப் பிரிவை ஏற்படுத்திய மாநிலம் இது. தானே கழிமுகத்துக்கு 2022இல் ராம்சர் தகுதியும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியும், கிடைத்தது. இவ்வளவு மதிப்புள்ள இடத்தில் உழைப்பவர்களின் நேரமும் மதிக்கப்பட வேண்டும்.

கன்று நடும் நாளுக்கு மணி நேரம் தருகிறார்கள். நட்ட கன்று பிழைத்ததா என்று மூன்று மாதம் கழித்துப் போய் எண்ணிப் பார்த்தால் தருவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நடுவது ஒரு காலை வேலை. அதற்கு முன்னால் மழைக்காலத்தில் விதைகளைப் பொறுக்கி, பைகளில் மண் நிரப்பி, நாற்றங்காலில் வளர்க்க வேண்டும். நட்ட பிறகு கன்றுகளின்மேல் ஒதுங்கும் குப்பையை நீக்க வேண்டும். செத்த கன்றுக்குப் பதில் வேறு வைக்க வேண்டும். அப்புறம், எடுத்த குப்பையைத் தரம் பிரித்து, எடை போட்டு, எழுதி வைக்கும் வேலை இருக்கிறது. பூநாரைகள் வரும் மாதங்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. இவையெல்லாம் சேவைதான் என்று ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால் போதும். பிள்ளைகள் தொடர்ந்து போவார்கள்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பணம் கட்டினால் டி-சர்ட்டும் இருபது மணி நேரச் சான்றிதழும் தருகிறோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சில ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள். நடந்தது இரண்டு மணி நேர நிகழ்ச்சி. அந்தச் சான்றிதழைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. காசில்லாத பிள்ளை நேர்மையாக உழைத்தும் பின்தங்குகிறாள் என்றால், அந்த முறை அவளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? சேவை நேரத்துக்கு யாரும் எந்தப் பெயரிலும் கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை செய்யுங்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் இந்தக் காடுகளில் இறங்க முடியாது. ஆகவே அன்று களத்தில் இருக்கும் வனக்காவலர் மாணவரின் குறிப்பேட்டில் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டால் அதுவே சான்றாகட்டும். குறிப்பேடு மாணவரிடமே இருக்கட்டும்.

தாராவியில் பகலில் தையல் கடையிலோ தோல் பட்டறையிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஞாயிறு அவர்கள் எல்லோருக்கும் விடுமுறையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐரோலிக்குப் போக வேண்டுமென்றால் சயனில் ரயில் ஏறி, தானேயில் இறங்கி மாற வேண்டும். பயண நேரத்தைச் சேவை நேரமாகச் சேர்க்கச் சொல்லவில்லை. அது நியாயமும் ஆகாது. வீட்டுக்குப் பக்கத்தில் செய்ய வழி செய்து கொடுங்கள் என்கிறோம். குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் உருவாக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா தாராவியை ஒட்டியே இருக்கிறது. அங்கே நாற்றங்காலிலும் மரப் பராமரிப்பிலும் செய்யும் வேலையையும் எல்லாக் கல்லூரிகளும் ஏற்க வேண்டும்.

உடைந்த கண்ணாடி காலில் ஏறி ஒரு மாணவி பாதியில் கிளம்ப நேர்ந்தது. அன்று அவள் செய்த வேலை முழுவதும் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டது. கையுறை, கம்பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் இடம் ஆகியவை இல்லாமல் எந்தக் கல்லூரியும் மாணவர்களைச் சேற்றில் இறக்கக் கூடாது. காயம்பட்டுப் போனவருக்கு அதுவரை செய்த நேரத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும்.

ஆகவே, கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துப் பணி நேரத்தை வைத்துக்கொள்ளவும், முழு அமர்வு என்ற நிபந்தனை இல்லாமல் செய்த நேரத்தை அரைமணி அரைமணியாகச் சேர்த்து எழுதவும், மேலே சொன்ன எல்லாப் பணிகளையும் ஏற்கவும் மாநிலத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் ஜி.ஆர். (அரசாணை) ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கல்லூரி ஆண்டு தொடங்கும்போதே மழையும் வந்துவிடும். விதை பொறுக்கும் காலமும் அதுவே. அதற்குள் ஆணை வந்தால் இந்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலேயே பயன் கிடைக்கும். நேரில் அழைத்தால் மாணவர்களின் குறிப்பேடுகளோடு வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவர்களின் பெற்றோர்,
தாராவி, மும்பை.

இணைப்பு: மனுவின் மராத்திப் படி, பெற்றோர் மற்றும் மாணவர்களின் கையொப்பத் தாள்கள்.