ரயன் ரீட் கதையில் விடுபட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உடல்நலக் குறைபாடுகளோடு கார் பந்தயத்துக்கு வந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய வீரர் ரயன் ரீடுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். "மன உறுதியால் சர்க்கரை நோயை வென்றவர்" என்று அந்தப் பத்தி முடிகிறது. எனக்கு அந்த வரியோடு சண்டை உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகிற டைப் 1 சர்க்கரையை இதுவரை யாரும் வென்றதில்லை. காலையில் எழுந்ததும் அது கூடவே எழுந்திருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காது.

என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 வந்தது, இப்போது அவளுக்குப் பதினாறு. ரீடைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் அவளுக்காகத்தான். கார் பந்தயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயமாக இருந்தது, இப்போது அமெரிக்காவின் பேர்போன டேடோனா பந்தயப் பாதையின் நீளம் இரண்டரை மைல் என்பது வரைக்கும் தெரியும்.

ரீட் கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்தவர், 1993இல் பிறந்தவர். அப்பாவும் பந்தயக்காரர். நான்கு வயதில் கோ கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் உட்கார்ந்த பையனுக்கு, அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார்தான் கனவு. ஸ்டாக் கார் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: ஃபார்முலா ஒன் வண்டி போலச் சக்கரம் வெளியே தெரிகிற வண்டி இல்லை இது. பார்வைக்கு நம் தெருவில் போகிற கார் போலவே இருக்கும், ஆரம்பக் காலத்தில் நிஜமாகவே கடையில் வாங்கிய கார்களைத்தான் ஓட்டினார்கள், அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது வெளித்தோற்றம் மட்டும்தான் கார், உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே கட்டிய இரும்புக் கூடு.

2011இல், பதினேழு வயதில், அவருக்கு டைப் 1 என்று தெரியவந்தது. முதலில் பார்த்த மருத்துவர், இனிமேல் நீ பந்தயத்தில் ஓட்டவே முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தைத்தான் உங்கள் கட்டுரை தாண்டிப் போய்விட்டது, ஆனால் கதை முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த மருத்துவர் கெட்டவர் கிடையாது. இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சர்க்கரை சடாரென்று இறங்கினால் கண் மங்கும், கை நடுங்கும், புத்தி குழம்பும், அப்புறம் ரீடுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் ஆபத்து. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தைச் சொன்னதோடு அந்த மருத்துவர் நிறுத்திக்கொண்டார், இதற்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கவில்லை.

யோசித்தது வேறொரு மருத்துவர். ரீட் வீட்டில் உட்கார்ந்து தேடியபோது சார்லி கிம்பல் என்ற இன்டிகார் (சக்கரம் வெளியே தெரிகிற வண்டிகளின் அமெரிக்கப் பந்தயத் தொடர்) வீரர் கண்ணில் பட்டார். கிம்பலுக்கு 2007இல், 22 வயதில், இதே டைப் 1 வந்தது. அவர் வண்டியில் இரண்டு குடிநீர்ப் புட்டிகள் இருக்கும், ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஆரஞ்சுச் சாறு. சர்க்கரை இறங்குவது தெரிந்தால் ஒரு வால்வைத் திருப்பிச் சாறு குடிக்கலாம். இவ்வளவுதான் ஏற்பாடு, இதை வைத்துக்கொண்டு 2013இல் மிட் ஒஹாயோ பாதையில் நடந்த பந்தயத்தில் ஜெயித்தவர் அவர். கிம்பலுக்கு வைத்தியம் பார்த்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஆன் பீட்டர்ஸ். ரீட் அவரிடம் போனார். முடியும், ஆனால் வேலை நிறைய இருக்கிறது என்ற மாதிரியான பதில் அங்கே கிடைத்தது.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் டைப் 1 பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம், அதே விஷயம் ஒரு பந்தயக் காருக்குள் எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோலுக்கடியில் ஒரு சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு காட்டும். அதன் திரையை ரீட் வண்டியின் டேஷ்போர்டில் பொருத்திவைத்தார்கள், வேகம், எண்ணெய் அழுத்தம் எல்லாம் பார்க்கிற மாதிரி சர்க்கரையையும் ஒரு பார்வையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சென்சார் காட்டுவது இந்த நொடியின் இரத்த அளவு இல்லை, சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அதனால் எண்ணை விட அம்புக்குறிதான் முக்கியம், அது மேலே போகிறதா, கீழே சாய்கிறதா என்று பார்த்து, இறங்குவதற்கு முன்பே இனிப்புப் பானத்தை உறிஞ்ச வேண்டும். டேடோனாவில் 300 மைல் என்றால் 120 சுற்று, வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரிக்கும் மேலே, பெல்ட்டால் இறுக்கிக் கட்டிய நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெப்பத்தில் இன்சுலின் வேகமாக வேலை செய்யும், பதற்றத்தில் அட்ரினலின் சர்க்கரையை ஏற்றிவிடும். ஒன்று கீழே இழுக்க இன்னொன்று மேலே தள்ள, நடுவில் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

இதுவும் கைகொடுக்காவிட்டால்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். பிட் ஸ்டாப்பில் டயர் மாற்ற ஓடி வருகிற குழுவில் ஒருவருக்கு ஊசி போடப் பயிற்சி கொடுத்தார்கள். ரீடின் பந்தய உடையில், தொடைப் பக்கம், வில்வித்தைக் குறி மாதிரி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அவசரம் என்றால் அந்த மனிதர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்த வட்டத்தில் குத்தினால் போதும், உடையைக் கழற்றவோ இடம் தேடவோ வேண்டாம். டயர் மாற்றத் தெரிந்த ஒரு ஆள் ஊசி போடவும் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் எங்கேயும் பெரிதாக வருவதில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

சரி, பலன் என்ன ஆனது? 2014இல் ரவுஷ் ஃபென்வே அணியில் 16ஆம் எண் ஃபோர்டு மஸ்டாங்கில் முழு சீசன் ஓட்டினார். 2015 பிப்ரவரி 21, டேடோனா, நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான எக்ஸ்ஃபினிட்டியில் அந்த வருடத்தின் முதல் பந்தயம். அன்றைக்குத்தான் கைல் புஷ் என்ற பிரபல வீரர் சுவரில் மோதிக் காலை முறித்துக்கொண்டார், அவ்வளவு பயங்கரமான நாள். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்தது பிராட் கெஸ்லோவ்ஸ்கி. ரீடின் பின்னால் அவருடைய அணித் தோழர் கிறிஸ் பியூஷர் தன் வண்டியை ஒட்டவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார், அந்த உந்துதலில் ரீட் முன்னால் இருந்தவரைத் தாண்டி முதலில் வந்தார். அவருடைய முதல் வெற்றி அது, வயது 21, நான்கு வருடத்துக்கு முன்பு இனி ஓட்டவே முடியாது என்று கேட்டவர். 2017இல் அதே டேடோனாவில் மறுபடியும் ஜெயித்தார். முதல் வெற்றியிலும் பாருங்கள், பின்னால் ஒருவர் தள்ளியிருக்கிறார்.

உங்கள் கட்டுரை 2017 வெற்றியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் நடந்ததையும் எழுதியிருக்க வேண்டும். ரீடின் வண்டிக்குப் பணம் கொடுத்தது இன்சுலின் தயாரிக்கிற லில்லி நிறுவனம். அந்தச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு விளம்பரம் வண்டி முழுக்க இருக்கும். 2018 சீசனோடு அந்த ஆதரவு நின்றது, ரவுஷ் அணியும் அந்தத் தொடரில் தன் கடையைக் கட்டிவிட்டது. 25 வயதில், இரண்டு டேடோனா வெற்றிகள் கையில் இருந்தும், முழு சீசன் ஓட்ட ரீடுக்கு வண்டி இல்லை. சர்க்கரை அவரை வண்டியிலிருந்து இறக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டாக் கார் பந்தயத்தில் ஸ்பான்சர் இல்லாதவனுக்கு இடமில்லை, நல்ல உடம்போடு இருக்கிறவனுக்கும் அதே கதிதான். மன உறுதிக் கதையில் பணத்துக்கு இடம் கொடுத்தால் கதை அழகு குறைந்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது வாசகனை ஏமாற்றுவது.

என் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் மகள் படித்த பள்ளியில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். போட்டி நாள் காலையில் பெயரை எடுத்துவிட்டார்கள். மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். அவர்கள் பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பது, பாதை ஓரத்தில் ஒரு ஆசிரியர் கையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு நிற்பது, இவ்வளவுதான் தேவைப்பட்டது. டேடோனாவில் முந்நூறு மைலுக்குச் செய்த ஏற்பாட்டை நானூறு மீட்டருக்குச் செய்ய முடியாமலா போய்விடும்? "சின்னப் பிள்ளைக்கு எப்படி சுகர் வந்தது, மிட்டாய் அதிகம் கொடுத்தீர்களா?" என்ற கேள்வியையும் ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டைப் 1 மிட்டாயால் வருவதில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது. தயவுசெய்து இதையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இன்னொன்று. ரீடை மாற்றுத்திறனாளி என்று சொல்லலாமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் 2008 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சர்க்கரை நோயும் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பாதுகாப்புக்குள் எளிதாக வந்துவிடுகிறது. நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் எல்லாம் உண்டு, டைப் 1 இல்லை. பரீட்சை அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை கொண்டுபோக சிபிஎஸ்இ 2017இல் அனுமதி கொடுத்தது, அது நல்ல காரியம். மற்ற இடங்களில் பெற்றோர் போய்க் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்த 21இல் ஆட்டிசம் இருக்கிறது, அதனால் ஒரு வேண்டுகோள். டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்த அர்மானி வில்லியம்ஸ் என்ற இளைஞர், 2000இல் பிறந்தவர், இரண்டு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லப்பட்டவர், தன் ஆட்டிசத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே 2021இல் செயின்ட் லூயிஸ் அருகே கேட்வே பாதையில் நாஸ்காரின் டிரக் தொடருக்குள் (பிக்கப் டிரக் வடிவ வண்டிகளின் பந்தயம்) வந்தவர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். போடும்போது அவர் எவ்வளவு தைரியசாலி என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, வானொலியில் அவரோடு யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், அந்த இரைச்சலை எப்படிச் சமாளிக்கிறார், வண்டிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள், நான் ரீடுக்குச் செய்தது போல.

என் மகளுக்கு 2015 பந்தயத்தின் கடைசிச் சுற்றைக் காட்டினேன். முதலில் அவள் கேட்டது யார் ஜெயித்தார் என்று இல்லை. "அம்மா, அந்த ஜூஸ் குழாய் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்டாள். திரையில் தெரியவில்லை, ஹெல்மெட்டுக்குள் போயிருக்கும் என்று சொன்னேன். அடுத்த இதழில் இடம் இருந்தால் டாக்டர் ஆன் பீட்டர்ஸ் பெயரையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், சென்ற கட்டுரையில் அது விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல்.