கம்ப்ரசர் மூடியைக் கழற்றும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். வீட்டுப் பட்டறையில் ஏர் கம்ப்ரசர் வைத்திருக்கும் பலர், ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று போதவில்லை என்றதும் டேங்க் அழுத்தத்தைப் பொறுத்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சின் மூடியை நேரே கழற்றிவிடுகிறார்கள். நானும் கழற்றியவன்தான். கருவிக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைப்பது ரெகுலேட்டர் குமிழின் வேலை. அதையும் கன்னின் விசையை அழுத்திக் காற்று ஓடும்போதே வைக்க வேண்டும், ஏனென்றால் சும்மா நிற்கும்போது 40 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும் முள், அழுத்தியதும் சட்டென்று இறங்கிவிடும்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கின் நட்டை இறுக்கினால் மோட்டார் கிளம்பும் அழுத்தம், நிற்கும் அழுத்தம் இரண்டும் சேர்ந்தே ஏறும். சில மாடல்களில் பக்கத்திலுள்ள சின்ன ஸ்பிரிங் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றும். உள்ளே கரண்ட் முனைகள் திறந்தே கிடப்பதால் பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்கவே கூடாது. நான் அவசரத்தில் ஒரு முழுச் சுற்று இறுக்கிவிட்டேன், முள் டேங்க் தகட்டில் பொறித்த உச்ச அளவை நெருங்கியும் மோட்டார் நிற்கவில்லை, ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். அப்புறம், அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு சீறுகிறதே என்று அதை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது!

ஒரு வாசகர்