முதல் வரைவையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வாசகர் கவிதைகளை ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் ஓர் இளம் வாசகர் கவிதை எழுத எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருந்தார். நிறைய வாசியுங்கள், மனதில் பட்டதை எழுதுங்கள், தானாக வரும் என்று இரண்டே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். வாசிக்கச் சொன்னது சரி. தானாக வரும் என்றதுதான் உறுத்துகிறது. மிருதங்கம் கற்க வந்த பிள்ளைக்கு முதல் நாளே த தி தொம் நம் சொல்லிக் கையைப் பிடித்துத் தட்ட வைக்கிறோம், கவிதை கற்க வந்த பிள்ளையை மட்டும் தனியாக விட்டுவிடுகிறோம்.

நானும் பல வருடம் தானாக வரும் என்று நம்பி எழுதியவன். நோட்டு நோட்டாக நிரம்பியது, ஆனால் எதை எடுத்துப் படித்தாலும் ஒரே கவிதையைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல இருந்தது. அப்புறம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னை உட்கார வைத்து அசை பிரிக்க, அதாவது சொல்லை ஓசைத் துண்டுகளாகப் பிரிக்க, சொல்லிக்கொடுத்தார். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட அதே பெயர்கள்தான். மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை. ஆனால் தேமா என்று சொன்னாலே நேர் நேர் ஒலிக்கிறது, புளிமா என்றால் நிரை நேர் ஒலிக்கிறது, பெயரே ஓசைக்கு மாதிரியாக நிற்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அடுத்த ஒரு மாதம் அவர் என்னை எதையும் எழுத விடவில்லை. தினமும் பத்துக் குறளைச் சத்தம்போட்டு, விரல் விட்டு எண்ணிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். 1330 குறளுக்கும் ஒரே சட்டகம்: முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர். அசைகள் சேர்ந்து அமைவதுதான் சீர். அந்த ஏழு சீருக்குள் ஒரு குறள் ஓடுகிறது, இன்னொன்று நின்று நின்று நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று காது கேட்கத் தொடங்கியதே எனக்குப் பெரிய படிப்பாக இருந்தது.

பிறகு வெண்பா. என் முதல் வெண்பாவின் கடைசி அடியை "காத்திருந்து வந்தது மழை" என்று எழுதிக்கொண்டு போனேன். தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, தட்டுகிறது என்றார். விளத்தில் முடிகிற சீருக்குப் பின்னால் நேர் வர வேண்டும், "வந்தது" கூவிளம், "மழை"யோ நிரை. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். மழையை மாற்ற மனசு வரவில்லை. கடைசியில் ஒரே ஓர் எழுத்தை எடுத்தேன்: "காத்திருந்து வந்த மழை". "வந்த" தேமா, மாவில் முடிகிற சீருக்குப் பின் நிரைதான் வர வேண்டும், தளை சரியாகிவிட்டது. ஆனால் எனக்குக் கிடைத்தது அது மட்டுமா? முன்பு அது ஒரு செய்தி, மழை வந்தது என்று முடிந்துவிடும். இப்போது மழை கண்முன்னே நிற்கிறது, காத்திருந்தது நாமா மழையா என்றும் சொல்ல முடியவில்லை. இலக்கணம் கவிதையைக் கட்டிப்போடும் என்கிறவர்களிடம் இந்த ஓர் எழுத்தைத்தான் காட்டுவேன். இன்னும் நல்லதைத் தேடு என்று என்னைத் துரத்தியதே அந்தத் தளைதான்.

புதுக்கவிதைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். எல்லாரும் வெண்பா எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, நானே இப்போது அதிகம் எழுதுவதில்லை. ஆனால் வசன கவிதை எழுதிய பாரதிக்கு வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கைவந்திருந்தன. எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டவர் அவர். ஓசையை விட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும், ஒரு பொருளையோ காட்சியையோ, வரியை எங்கே ஒடிப்பது என்ற முடிவையோ. என் அம்மா இறந்த பிறகு நான் எழுதியது இது:

அம்மா,
நீ இல்லாத வீட்டில்
வெறுமை மட்டுமே மிச்சம்.

எழுதும்போது அழுதேன், அது உண்மை. ஆனால் படித்தவர்கள் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துவிட்டார்கள், ஏனென்றால் அம்மாவை இழந்த யாரும் எழுதக்கூடிய வரி அது. மூன்று மாதம் கழித்து மாற்றினேன்:

துடைக்காமல் வைத்திருக்கிறேன்
உன் மூக்குக்கண்ணாடியை.
இடது பக்கம்
உன் கட்டைவிரல் ரேகை.

இதற்குக் கீழே "அதில் உன்னைத் தேடுகிறேன்" என்று ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. அதை அடிக்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது. எழுதுவதைவிட அடிப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது, இன்றும் அப்படித்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். வாரம் ஆறு கவிதை போடுகிற இடத்தில் இரண்டு போடுங்கள். மிச்ச இடத்தில் அந்தக் கவிதையின் முதல் வரைவையும் போட்டு, எங்கே மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதியவரையே நாலு வரி சொல்லச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்லி, தளை தட்டிய இடத்தையும் காட்டித் திருத்திப் போடுங்கள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' ஒரு விமர்சன ஏடு, புதுக்கவிதை அந்த விமர்சனத்துக்குப் பக்கத்திலேதான் வளர்ந்தது. பாராட்டு மட்டுமே கிடைக்கிற இடத்தில் எழுதப் பழகுகிற பிள்ளைக்குத் தன் கவிதையில் எந்தச் சொல் ஏன் நிற்கவில்லை என்று யார் சொல்வார்கள்? நிராகரிக்கும்போதும் காரணமாக ஒரு வரி எழுதி அனுப்ப முடிந்தால், அந்த ஒரு வரியை அவர் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்.

கேள்வி கேட்ட அந்த இளம் வாசகருக்கு இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். மேலே உள்ள என் இரண்டு வரைவுகளையும் நீங்கள் முதல் மாதிரியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், அடித்த அந்த ஐந்தாவது வரியோடு சேர்த்தே.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்