அந்திச் சூரியனைப் படமெடுக்க வரும் தம்பிக்கு

தம்பி,

"கடற்கரையில் சூரிய அஸ்தமனம் எடுப்பதற்கு ஏதாவது யோசனை சொல் அக்கா" என்று ஒற்றை வரி அனுப்பியிருக்கிறாய். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இதற்காகவாவது அக்கா நினைவு வந்ததே. தனியாகப் பதில் எழுதினால் நீல டிக்கோடு நின்றுவிடுவாய். நாலு பேர் பார்க்க எழுதினால் பதில் போடுவாய் என்பதால் இங்கே எழுதுகிறேன். சித்தப்பாவும் இதைப் படிப்பார். ஆகவே சொத்துப் பத்திரம், பங்கு பக்கம் போகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

டிசம்பர் கடைசியில் வருவது நல்லது. மே மாத விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அப்போது சூரியன் வடமேற்கே ஒதுங்கி நிலத்துப் பக்கம் இறங்கிவிடும். ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் முனையில் நின்றால் கடலுக்குள் விழும். நீ வரும் வாரத்தில் 6.10ஐ ஒட்டி மறையும். ஐந்தரைக்கே போய் நில். இங்கிலாந்துச் சூரியன் சாய்வாக, சாவகாசமாக இறங்கும். இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். விளிம்பு தண்ணீரைத் தொட்டால் இரண்டு நிமிடம் சொச்சம்தான். அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டு இருக்காதே. மணலில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதே. ஏசி அறையிலிருந்து நேராக வந்தால் கண்ணாடியில் ஆவி படியும், எனவே பையோடு அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு கேமராவை எடு. உப்புத் தூறல் படியும், துடைக்கத் துணி வைத்துக்கொள்.

வள்ளுவர் சிலையும் மறையும் சூரியனும் ஒரே படத்தில் வேண்டும் என்று உன் மனைவி சென்ற முறையே கேட்டாள். கரையில் நின்று அது முடியாது. சிலை இருப்பது கிழக்குப் பக்கம், காலைக்குத்தான் சரிப்படும். மாலையில் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் இருவரும் திரும்பி நில்லுங்கள். 133 அடிக் கல்லின் மேல் கடைசி வெயில் விழும். அந்தப் படத்தை எடுப்பவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால் முட்டம் கடற்கரைதான். அதை நீயும் சொல்வாய் என்று தெரியும்.

அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை மேல் நின்றது உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அவள் கைதான் நினைவிருக்கிறது. சூரியனை உள்ளங்கையில் ஏந்துவது போல ஒரு படம் வேண்டும் என்று நீ மணலில் குப்புறப் படுத்துக்கொண்டாய். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், கையைக் கீழே, இல்லை மேலே" என்று ஒரே சத்தம். அவளுக்கு அப்போதே கை நடுக்கம் உண்டு. சூரியன் நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் சுண்டல் விற்ற பையன் சிரித்தான், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "மக்கா, முகம் தெரியுமா?" நீ சொன்னாய்: "தெரியாதும்மா. அதுதான் அழகு."

தொழில் முறையில் பார்த்தால் நீ நின்ற இடமே தப்பு. சூரியன் வானத்தில் அரை டிகிரிதான். உள்ளங்கையை நிறைக்க வேண்டுமானால் படமெடுப்பவன் கையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நீ இரண்டு மீட்டரில் இருந்தாய். அதனால்தான் அது அரைநெல்லிக்காய் அளவுக்கு வந்தது. தள்ளிப் போய், 200 மி.மீ. லென்ஸ் போட்டு, லென்ஸின் துளையை எஃப் 16 வரை மூடினால் கையும் சூரியனும் ஓரளவு சேர்ந்து தெளிவாக வரும். பெரிய லென்ஸ் போட்டபின் கண்ணை வியூஃபைண்டரில் வைக்காதே, திரையைப் பார்த்து எடு. இதை உனக்குத் திட்டாகச் சொல்லவில்லை, உனக்குக் கண் இரண்டுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

முகம் விஷயம் மட்டும் இன்னும் ஆறவில்லை. வானத்துக்கு ஒளி அளந்தால் ஆள் இருண்டுதான் போவார். அது எனக்குத் தெரியாததல்ல. ஸ்டூடியோவில் உட்கார்ந்து எத்தனை பேர் முகத்தைச் சரிசெய்திருக்கிறேன். அன்றைக்கே ஃப்ளாஷ் போடச் சொன்னேன். வானத்துக்கு அளந்துவிட்டு, முகத்துக்குக் கொஞ்சமாக ஃப்ளாஷ். "செயற்கையாக இருக்கும்" என்றாய். இல்லாவிட்டால் சூரியன் மறைந்தபின் பத்து நிமிடம் இருந்திருக்கலாம். மறைந்த பிறகுதான் மேகத்தின் அடிவயிறு சிவக்கும். அந்த நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நீ நின்று, அவளை மேற்கே பார்க்க வைத்திருந்தால், அந்த வெளிச்சத்துக்கு இணையான விளக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. நீ காரில் ஏறிவிட்டாய். உன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

கடைசியில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் போர்டுக்கு ஆதார் அட்டைப் படம். அம்மாவை அப்படிப் பார்க்க எனக்கு எரிந்தது. நீ அந்த மெமரி கார்டைக் கேட்டபோதெல்லாம் நான் தராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். மற்றவர்கள் உன்னிடம் சொன்ன காரணம் அல்ல. மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்ட விதம் அப்படி, தம்பி. பதினாறாம் நாள் பந்தியில் வைத்தா கேட்பார்கள்?

சரி, மேலே சொல்கிறேன். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதே. அந்தச் சிவப்பைக் குறை என்று நினைத்துக் கேமரா திருத்திவிடும். பகல் வெளிச்சம் அல்லது மேகமூட்டம் என்று வை. சூரியனை விட்டு அதன் பக்கத்து வானத்தில் ஒளி அள. கைப்பேசியானால் வானத்தில் விரலை அழுத்திப் பிடித்துக் கீழே இழு. ஈர மணலில் அலை பின்வாங்கும்போது அரை நொடி ஷட்டர் வைத்தால் வானம் முழுக்கத் தரையில் விழும். ட்ரைபாட் கால்களை அழுத்திப் புதைத்துவிட்டு எடு. கடல்கோடு சாய்ந்தால் படம் முடிந்தது.

மருமக்களைப் பாறைப் பக்கம் விடாதே. அலைக்கு முதுகு காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கவும் விடாதே. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனது செய்தியில் பார்த்திருப்பாய். கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் கொள்ளாமல் பொங்கி வரும் அலை, அதற்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று அன்றன்றைக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பு. அந்த விஷயத்தில் நீ அப்பாவைப் போல, சொன்னால் கேட்க மாட்டாய்.

தலைத் திவசத்துக்குள் வீட்டில் ஒரு படம் மாட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆதார் படத்தைப் பெரிதாக்கித் திருத்திக் கொடு என்றும் சொன்னார்கள். செய்து பார்த்தேன், யாரோ ஒரு அதிகாரி மாதிரி வந்தது. முட்டத்துப் படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருந்தேன். பால்காரர் கேனைக் கீழே வைக்கவில்லை, "அம்மாதானே" என்றார். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நிற்பாளே, அதை வைத்து. சேலை முந்தி காற்றில் தூக்கியிருப்பதை வைத்து. முகம் தெரியும் படம் எதிலும் அவள் அப்படி நிற்கவில்லை, எல்லாவற்றிலும் விறைத்துத்தான் இருக்கிறாள். அதையே மாட்டப் போகிறேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. மாலை போடும் படத்தில் முகம் இல்லாவிட்டால் ஆகாது என்கிறார். மாலை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ எடுத்த படம் என்பதற்காக இல்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அசல் கோப்பு உனக்குத் தனியாக வரும். நீ கேமரா சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்தது நல்லதாயிற்று. நிழலைத் தூக்கினால் கன்னத்தின் கோடு லேசாகத் தெரிகிறது. அதற்கு மேல் தூக்கினேன், புள்ளி புள்ளியாக உடைந்துவிட்டது, விட்டுவிட்டேன். நீயும் முயற்சி செய்யாதே.

ட்ரைபாட் என்னிடம் இருக்கிறது, விமானத்தில் சுமக்க வேண்டாம். இந்த முறையும் ஹோட்டலில் அறை போட்டிருக்கிறாயாமே. ரத்து செய்தால் பணம் திரும்பி வருமா என்று விசாரித்து எனக்குச் சொல். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட வேண்டும்.

அக்கா