கருவிக்கூடத்தைப் பங்கு பிரிக்க வேண்டாம்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவினருக்கு, வணக்கம்.

பொதுக் கருவிக்கூடத்தைக் கலைத்துவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயற்பியல் துறைக்கும் எக்ஸ்-கதிர்களால் படிக அமைப்பை ஆராயும் எக்ஸ்ஆர்டி கருவியை வேதியியல் துறைக்கும் கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அந்த நுண்ணோக்கியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் உயிரியல் மாணவி ஒருவர், உடைந்த எலும்பில் வைக்கத் தோதான ஹைட்ரோஜெல் (நீரைப் பிடித்துவைக்கும் கூழ் போன்ற பொருள்) துண்டைக் கொண்டுவந்தார். தொட்டால் ஈரம் ஒட்டியது. அப்படியே நுண்ணோக்கிக்குள் வைத்தால் அங்குள்ள வெற்றிடத்தில் நீர் ஆவியாகித் துண்டு சுருங்கிவிடும். மின்சாரம் கடத்தாத பொருள் என்றால் எலக்ட்ரான்கள் மேலேயே தேங்கி, படமும் வெளுத்துப்போகும். எனவே உறையவைத்து உலர்த்தி, சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசிப் பார்த்தோம். வரிசை வரிசையாகத் துளைகள்.

தன் முறை வருவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்த உலோகவியல் மாணவர் எட்டிப் பார்த்தார். "எல்லாத் துளையும் ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கே, எந்தப் பக்கத்திலிருந்து குளிர்விச்சீங்க?" என்றார். அந்தத் துளைகள் பனிப்படிகங்கள் விட்டுப்போன தடம். வெப்பம் வெளியேறும் திசையை ஒட்டிப் படிகம் வளரும் என்பது உருகிய உலோகத்தை உறையவைத்துப் பழகியவருக்கு அத்துப்படி. உயிரியல் மாணவியோ துளைகளின் திசையை மாற்ற வழி தெரியாமல் மாதக்கணக்கில் திண்டாடிக்கொண்டிருந்தார். நுண்ணோக்கி இயற்பியல் துறைக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் இந்த இரண்டு பேரும் சந்தித்தே இருக்க மாட்டார்கள்.

1960இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களில் துறைகடந்த பொருளறிவியல் ஆய்வகங்களுக்குப் பணம் கொடுத்தது. பென்சில்வேனியாவில்தான் பிறகு வேதியியலாளர் மெக்டயார்மிடும் இயற்பியலாளர் ஹீகரும் ஜப்பானிலிருந்து வந்த ஷிராகவாவும் சேர்ந்து, பாலிஅசெட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் அயோடினை ஏற்றி அதன் கடத்துதிறனை ஒரு கோடி மடங்கு உயர்த்தினார்கள். 1977இல் வெளியான அந்த வேலைக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. மெக்டயார்மிடும் ஷிராகவாவும் அறிமுகமானது டோக்கியோவில் ஒரு காபி இடைவேளையில். எங்களுக்குக் காபி இல்லை, பெஞ்சு இருக்கிறது.

பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும் என்ற உங்கள் கவலையும் நியாயம்தான். யார் எத்தனை மணிநேரம் பயன்படுத்தினார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி துறைகள் பகிர்ந்துகொள்ளட்டும். ஆனால் கருவி பொதுவில் இருக்கட்டும்.

முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவராவது ஒரு மதியம் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். சாம்பிள் ஏதும் கொண்டுவருவதானால், தயவுசெய்து உலர்த்திக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நுண்ணோக்கி அறையிலிருந்து, அந்தக் கருவியை இயக்குபவர்