பாட்டி கண்டுபிடித்த டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளைச் செல்போனிலிருந்து பிரிக்க முடியவில்லை என்று புலம்புகிறோம், சரி, அந்தச் செல்போனோடேயே வெளியே கூட்டிப் போனால் என்ன? ஜியோகேச்சிங் அதுதான். யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும் விளையாட்டு. 2000 மே மாதம் தொடங்கியது.

தாத்தா பாட்டியும் வருவதென்றால் முதலில், ஒவ்வொரு டப்பாவுக்கும் போகும் பாதை எவ்வளவு கடினம் என்று விளையாட்டின் செயலியில் கொடுத்திருக்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். 1 முதல் 5 வரை இருக்கும். 1 என்றால் சக்கர நாற்காலியே போகும், 2-ஐத் தாண்டினால் முட்டிவலிக்காரர்களுக்கு வேண்டாம். டப்பாவின் அளவும் முக்கியம், விரல் நுனி அளவுள்ள 'நானோ' டப்பாவைத் தேடித் தேடி என் பேரன் அழுதேவிட்டான். பெரிய டப்பாவில் சின்னப் பொம்மைகள் இருக்கும், ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். பேனா மறக்காதீர்கள் (நான் மறந்தேன்).

ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், அப்புறம் கண்தான் வேலை செய்ய வேண்டும். "அந்த ஒரு கல்லுல மட்டும் ஏன்டா பாசி இல்ல?" என்றாள் என் மனைவி. பேரன் கல்லைப் புரட்டினான், அடியில் டப்பா!

இப்படிக்கு,
ஒரு தாத்தா